கணைய அறுவைக்குப் பிறகு வயிறு படுத்தும் பாடு: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, எப்போது மருத்துவரை அழைப்பது

வீட்டுக்குப் போன நோயாளிகளைத் தொலைபேசியில் விசாரிப்பது என் பணியில் பாதி. கணைய அறுவைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். யார் அழைத்தாலும் புகார் பெரும்பாலும் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும்: மலம் மிதக்கிறது, தண்ணீராகப் போகிறது, சாப்பிட்டது இறங்கவில்லை, வயிறு ஊதுகிறது, எடை கரைகிறது. இவர்களில் பலரும் முதலில் செய்வது ஒன்றே. சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். அதைத்தான் செய்யக் கூடாது. பேதிக்குப் பயந்து தட்டைச் சுருக்கியவர் இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாக வந்து நிற்பதைப் பார்க்க மனம் கனக்கிறது. கணையம் சுரந்த செரிமான நொதிக்குப் பதிலாகத் தரும் மாத்திரையை விழுங்கும் நேரத்தைச் சற்று மாற்றியிருந்தாலே பலருக்குப் போதுமாக இருந்திருக்கும்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிய காரணத்தில் தொடங்கி, பரிசோதனையும் செலவும் கேட்கும் காரணம் வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் கட்டாயம் படியுங்கள்.

## இவை இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்

- ரத்த வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், வயிற்றில் வைத்த குழாயில் புதிய ரத்தம்
- 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், அதிலும் உடல் உதறும் குளிர்நடுக்கம்
- கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்பழுப்பாவது
- வயிறு இறுகி, வாயுவும் மலமும் பிரியாமல், கூடவே வாந்தி
- தண்ணீர்கூட வயிற்றில் தங்காத நிலை
- மயக்கம், பேச்சுக் குழறல், எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி

ரத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ஒரு ஸ்பூன் அளவுதான் வந்தது, தானாக நின்றுவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்" என்பது நான் கேட்க அஞ்சும் வாக்கியம். அறுவைக்குப் பிந்தைய நாட்களிலும் வாரங்களிலும் வரும் சிறு ரத்தக் கசிவு, வெட்டிக் கட்டிய ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகி உப்பியிருப்பதன் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். நின்றுவிட்டது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பெருக்கெடுக்கலாம். ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுத்து, பெருகுவதற்கு முன்பே அடைத்துவிட வழி இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் அதுதானா என்று வீட்டில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டாம். சந்தேகம் என்றால் கிளம்புங்கள்.

மண்ணீரலையும் எடுத்திருந்தால் காய்ச்சலுக்குக் காத்திருப்பு என்பதே கிடையாது. மண்ணீரல் இல்லாத உடலில் சில கிருமிகள் சில மணி நேரத்தில் ரத்தமெங்கும் பரவிவிடும். கைவசம் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், முதல் வேளையைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கீமோதெரபி நடந்துகொண்டிருப்பவர்களும் அப்படித்தான். 38 டிகிரி என்றால் நள்ளிரவானாலும் அழைக்க வேண்டும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டிய இரண்டு தாள்கள்

முதலாவது, டிஸ்சார்ஜ் சீட்டு. எந்த அறுவை என்று அதில் பாருங்கள். விப்பிள் அறுவை என்றால் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி ஆகியவை போயிருக்கும். சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதியும் போயிருக்கும். கணையத்தின் வால் பகுதியை எடுத்திருந்தால் கூடவே மண்ணீரலும் போயிருக்கலாம். முழுக் கணையத்தையும் எடுத்தவர்களுக்குச் செரிமான நொதியும் இன்சுலினும் ஆயுள் முழுக்க வெளியிலிருந்துதான் வர வேண்டும். எது போனது என்று தெரிந்தாலே பாதிக் காரணங்களைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது தாளை நீங்களே எழுத வேண்டும். மூன்று நாள் போதும். ஒருவர் கொண்டுவந்த பழைய நோட்டிலிருந்து ஒரு நாளின் வரிகள் இவை: "காலை 8.10 உணவு, மாத்திரை 2, சாப்பிட்டு முடித்ததும். 10.30 பால், மாத்திரை இல்லை. 11.45 மலம், வெளிர் மஞ்சள், மிதந்தது, மூன்று முறை தண்ணீர் ஊற்றினேன். மதியம் 1.00 உணவு, மாத்திரை 2, மறந்து பாதியில்." இந்த நான்கு வரியில் அவருடைய மூன்று பிழைகளும் தெரிந்தன. எந்த ஸ்கேனும் அதைக் காட்டியிருக்காது.

## மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறது, நாற்றம் தாங்கவில்லை

கொழுப்பு செரிக்காமல் வெளியே வருகிறது. என்னிடம் வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான், வீட்டிலேயே சரியாவதும் இதுதான். கழிப்பறைப் பீங்கானில் எண்ணெய் வளையம் படிவது, மலம் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு போக மறுப்பது, சாப்பிட்டதும் வயிறு உருட்டிப் பிசைவது எல்லாம் இதன் அடையாளங்கள். மிதப்பது மட்டும் சான்றல்ல. வாயு கலந்தாலும் மலம் மிதக்கும். எண்ணெய்ப் பளபளப்பைப் பாருங்கள்.

மாத்திரை எழுதிக் கொடுக்கப்படவே இல்லையா? விப்பிள் அறுவை முடிந்து நொதி மாத்திரை இல்லாமலேயே வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அறிகுறி இருந்து, சீட்டில் பான்கிரியாட்டின் என்ற பெயர் இல்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அறுவைக் குழுவை அழைத்துக் கேளுங்கள்.

எப்போது விழுங்குகிறீர்கள்? சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும் தவறு, முடித்து எழுந்த பிறகும் தவறு. முதல் வாய் உணவோடு தொடங்க வேண்டும். இரண்டு கேப்ஸ்யூல் என்றால் ஒன்று முதல் வாயில், மற்றது பாதியில். சாப்பிட அரை மணிக்கு மேல் ஆகிறது என்றால் மூன்றாகப் பங்கிடுங்கள். கணையம் இருந்தபோது நொதி உணவோடு கலந்தே வந்தது. இப்போதும் கலந்தால்தான் வேலை செய்யும். மற்றவர்கள் பரிமாறும் இடத்தில் மாத்திரை மறக்கும் என்றால், தட்டை இழுப்பதற்கு முன் முதல் கேப்ஸ்யூலைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். அது கண்ணில் படும்வரை கை உணவுக்குப் போகாது.

எவற்றுக்கெல்லாம் போடுகிறீர்கள்? மூன்று வேளை உணவுக்கு மட்டும் போட்டுவிட்டு, இடையில் பாலும் சத்துப் பானமும் சிற்றுண்டியும் மாத்திரை இல்லாமல் போகின்றன. கொழுப்போ புரதமோ உள்ள எதற்கும் மாத்திரை வேண்டும். வெறும் தண்ணீர், பால் சேராத பானம், சிறிதளவு பழம் ஆகியவற்றுக்கு வேண்டாம்.

எத்தனை யூனிட்? பெட்டியில் உள்ள 10,000 அல்லது 25,000 என்ற எண், ஒரு கேப்ஸ்யூலில் உள்ள லைப்பேஸ் என்ற நொதியின் அளவு. பெரியவர்களுக்கு முதன்மை உணவுக்கு 40,000 முதல் 50,000 வரை, சிற்றுண்டிக்கு அதில் பாதி என்பது வழக்கமான தொடக்க அளவு. 10,000 எண்ணுள்ள கேப்ஸ்யூல் ஒன்றை மட்டும் ஒரு முழுச் சாப்பாட்டுக்குப் போடுபவர் இதில் கால் பங்குதான் எடுக்கிறார். மருந்துக்கடையில் 25,000 இல்லை என்று 10,000 கொடுத்து, எண்ணிக்கையை மாற்றச் சொல்லாமல் விட்டால் இப்படி ஆகும். பெட்டியை எடுத்து இப்போதே எண்ணைப் பாருங்கள்.

"இத்தனை மாத்திரையா?" என்ற தயக்கம் எல்லோருக்கும் வருகிறது. மருந்துத் தாளில் சொல்லப்படும் உச்ச வரம்பு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10,000 யூனிட். 50 கிலோ எடை உள்ளவருக்கு அது 25,000 யூனிட் கேப்ஸ்யூல் இருபது. நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதன் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் அளவை நீங்களாக ஏற்றிக்கொள்ளாமல், நோட்டைக் காட்டிக் கேட்டு ஏற்றுங்கள்.

மாத்திரை உயிரோடு இருக்கிறதா? நொதி வெப்பத்தில் கெடும். அடுப்புக்கு மேலுள்ள அலமாரி, வெயிலில் நிறுத்திய வண்டி, நாள் முழுக்கச் சட்டைப் பை எல்லாம் அதற்கு ஆகாத இடங்கள். பெரும்பாலான பெட்டிகள் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்கின்றன. சூடான பானத்தோடு விழுங்காதீர்கள். கேப்ஸ்யூலை மெல்லவோ உள்ளேயுள்ள மணிகளைப் பொடிக்கவோ கூடாது. இரைப்பை அமிலத்திலிருந்து காக்கும் பூச்சு உடைந்துவிடும், வாயும் புண்ணாகும். விழுங்க முடியாதவர்கள் கேப்ஸ்யூலைத் திறந்து, மணிகளைக் குளிர்ந்த, புளிப்புள்ள பழக்கூழ் ஒரு ஸ்பூனில் தூவி, மெல்லாமல் உடனே விழுங்கி, மேலே தண்ணீர் குடிக்கலாம்.

எல்லாம் சரி, ஒரு வாரமாகியும் மாறவில்லை. இனி மருத்துவர் வேலை. அளவை ஏற்றுவார். அடுத்து, அமிலம் நொதியை அழிக்கிறதோ என்று அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்ப்பார். அதற்கும் அசையாவிட்டால் சிறுகுடலில் கிருமிப் பெருக்கம் உண்டா என்று பார்ப்பார். அதைக் கீழே உப்புசத்தில் சொல்கிறேன். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 100-க்குக் கீழே என்றால் கடும் குறைவு. அது மனிதக் கணையத்தின் நொதியை மட்டுமே அளப்பதால் பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. தண்ணீராகப் போகும் நாளில் மாதிரி கொடுத்தால் மட்டும் எண் பொய்யாகக் குறைந்து காட்டும்.

இந்த மாத்திரைகள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. இது தெரியவந்ததும் சொல்லாமல் நிறுத்திவிட்டவர்கள் உண்டு. உணவுக் கொள்கையோ மத நம்பிக்கையோ காரணமாக இருக்கலாம். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் மௌனமாக நிறுத்தினால் நாங்கள் பேதிக்குக் காரணம் தேடிக் குடலையெல்லாம் குடைந்துகொண்டிருப்போம். வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் மதப் பெரியவரிடம் கேட்டு முடிவெடுக்க அவகாசம் கேட்பதில் தவறே இல்லை.

ஒரு வேண்டுகோள்: எண்ணெயையும் கொழுப்பையும் அடியோடு நிறுத்தி மலத்தைக் கெட்டியாக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள். அதில் கெட்டியானது மலம் மட்டும்தான். உடம்பு பட்டினி கிடக்கிறது.

## எண்ணெய் இல்லை. தண்ணீராக, அடக்க முடியாமல் போகிறது

முதல் கேள்வி: கடந்த சில வாரங்களில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா? ஆம் என்றால், ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் போகிறது என்றால், மலப் பரிசோதனை முடியும்வரை பேதியை நிறுத்தும் லோபரமைடு போடாதீர்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பின் குடலில் தலைதூக்கும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கிருமியாக இருந்தால், நிறுத்துவது நஞ்சை உள்ளே பூட்டி வைப்பது போல. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தாலும் இதே விதி.

இல்லை என்றால், இனிப்பான பானங்களையும் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சார்பிட்டால் போன்றவற்றையும் பாருங்கள். மருந்துச் சிரப்புகளிலும் சார்பிட்டால் இருக்கும். யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. மூன்று நாள் விலக்கினால் தெரிந்துவிடும். பால் குடித்த நாளில் மட்டும் அதிகம் என்றால் பாலை ஒரு வாரம் விலக்கிப் பாருங்கள்.

கீமோதெரபி நடக்கிறதா? அப்படியானால் இந்தப் பட்டியல் உங்களுக்கானதல்ல. இரினோடெக்கான், கேப்சிடபின் போன்ற மருந்துகளால் வரும் பேதி ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். புற்றுநோய்ப் பிரிவை அன்றைக்கே அழையுங்கள்.

இவற்றில் எதுவும் இல்லாமல், மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீர் போலப் போய், ஆசனவாய் எரிகிறது என்றால் பித்த அமிலம் பெருங்குடலுக்குள் வழிகிறது என்று சந்தேகிப்போம். பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமைன் பொடி பலருக்கு நல்ல பலன் தரும். அது மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி முன்பு, அல்லது நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

கடைசியாக ஒரு காரணம் உண்டு. கட்டியை முழுதாக எடுக்க, குடலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சீவி எடுக்க நேர்ந்திருக்கலாம். அவை போனபின் குடல் கடிவாளம் இல்லாமல் ஓடும். சாப்பிட்டதும் ஓடவைக்கும் இந்தப் பேதிக்கு நொதி மாத்திரை உதவாது. மருத்துவர் மேற்பார்வையில் லோபரமைடு, தேவையானால் அதைவிட வலிய மருந்துகள் என்றுதான் கட்டுப்படுத்துகிறோம். இது யாருடைய உணவுப் பிழையும் அல்ல. வீட்டிலுள்ளவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். "கண்டதைச் சாப்பிட்டிருப்பாய்" என்ற ஒரு சொல், பேதியைவிட அதிகமாக ஒருவரைக் கழிப்பறைக் கதவுக்குள் முடக்கிவிடும்.

## நாலு வாயிலேயே வயிறு நிறைகிறது. காலையில் சாப்பிட்டது மாலையில் வாந்தியாக வருகிறது

விப்பிள் அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் இரைப்பை சோம்பிக் கிடப்பது மிகச் சாதாரணம். பெரும்பாலும் தானாக விழித்துக்கொள்ளும்.

வீட்டில் செய்ய வேண்டியவை: மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். தட்டுக்குப் பதில் கிண்ணம் எடுங்கள். நார் மிகுந்ததும் தோலோடு இருப்பதும் கொஞ்ச நாள் வேண்டாம். மசித்தது, குழைந்தது, திரவமானது எளிதில் இறங்கும். சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது மெல்ல நடங்கள். வலி மாத்திரைகளில் மார்ஃபின் வகை இருக்கிறதா என்று சீட்டில் பாருங்கள். அது இரைப்பையையும் குடலையும் மந்தமாக்கும். குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

இரண்டு நாளில் சற்றாவது தேறவில்லை, அல்லது சிறுநீர் குறைந்து அடர்ந்துவிட்டது என்றால் அழையுங்கள். இரைப்பையைத் தூண்டும் மருந்துகள் உண்டு. சில நாள் மூக்குக் குழாயும் தேவைப்படலாம். இரைப்பை மந்தத்துக்குப் பின்னால் வேறொன்று மறைந்திருப்பதும் உண்டு: தையலில் கசிவு, வயிற்றுக்குள் சீழ்க் கட்டி. ஆகவே நன்றாக இறங்கிக்கொண்டிருந்த சாப்பாடு திடீரென்று நின்றால், கூடவே காய்ச்சலோ முதுகுக்குப் பரவும் வலியோ இருந்தால், ஸ்கேன் எடுக்காமல் "மந்தம்தான்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

மாதங்கள் கழித்துப் புதிதாக வாந்தி தொடங்கினால் அது வேறு கதை. இரைப்பையைக் குடலோடு இணைத்த இடம் சுருங்குவது, குடல் ஒட்டிக்கொள்வது, புண், புற்றுநோய்க்கான அறுவை என்றால் நோய் திரும்புவது எல்லாம் பட்டியலுக்குள் வரும். எண்டோஸ்கோப்பியோ ஸ்கேனோ இல்லாமல் தீராது.

மேல்வயிற்றில் சாப்பிட்டதும் எரிந்து குத்தும் வலி தனியாக இருந்தால் இணைப்பு விளிம்பில் புண் இருக்கலாம். அமிலக் குறைப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தினீர்களா, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை எடுத்தீர்களா, புகைக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்றுக்கும் உங்கள் பதில் "இல்லை" என்றால், அல்லது நிறுத்தியும் வலி போகவில்லை என்றால், எண்டோஸ்கோப்பி கேளுங்கள்.

## சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல்

கடிகாரத்தைப் பாருங்கள். இங்கே நேரம்தான் விடை சொல்லும்.

10 முதல் 30 நிமிடத்துக்குள் வயிற்றைப் பிசைந்து, நெஞ்சு படபடத்து, முகம் சிவந்து, ஓட வேண்டி வந்தால், உணவு குடலுக்குள் மொத்தமாகக் கொட்டுகிறது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, அரை மணி இடைவெளி விடுங்கள். இனிப்பைக் குறைத்து ஒவ்வொரு வேளையிலும் புரதம் சேருங்கள். படபடப்பு வரும்போது சிறிது நேரம் சாய்ந்து படுத்தால் அடங்கும். முந்தைய தலைப்பில் நிமிர்ந்து உட்காரச் சொன்னது, இறங்காமல் தங்குபவர்களுக்கு. இது விரைந்து இறங்குபவர்களுக்கு.

ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் பசியும் வியர்வையும் வந்தால், அந்த நிமிடமே விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இப்படி இரண்டாம் முறை நடந்தால் மருத்துவரிடம் எண்களோடு போங்கள்.

## வயிறு ஊதி, ஏப்பமும் வாயுவுமாக இருக்கிறது

முதலில் மேலே சொன்ன நொதிக் கேள்விகளை முடியுங்கள். செரிக்காத உணவு பெருங்குடலில் புளித்தாலே வயிறு ஊதும். நொதி ஒழுங்கான பிறகும் மாலையானால் வயிறு மத்தளமாகிறது, வாயு அழுகிய நாற்றமடிக்கிறது என்றால் சிறுகுடலில் கிருமிகள் பெருகியிருக்கலாம். குடலை வெட்டி இணைத்தவர்களுக்கு இது எளிதில் வரும். மூச்சுப் பரிசோதனை உண்டு. குடலின் அமைப்பு மாறியவர்களுக்கு அதன் முடிவு குழப்பும் என்பதால், சில மருத்துவர்கள் நேராக ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பலன் கிடைத்துச் சில மாதத்தில் திரும்பினாலும் மனம் தளர வேண்டாம். இதன் சுபாவமே அதுதான்.

மலச்சிக்கலோடு ஊதினால் வலி மாத்திரையைச் சந்தேகியுங்கள். நொதி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

## நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது

"நன்றாக" என்பதை நோட்டில் பாருங்கள். எழுதிப் பார்த்தால் முன்பு சாப்பிட்டதில் பாதிகூட இருக்காது. வாரம் ஒருமுறை, ஒரே எடைமானி, ஒரே நேரம், ஒரே வகை உடை. தினமும் ஏறி நின்று மனம் உடைய வேண்டாம்.

சாப்பாடு போதவில்லை என்றால் அளவைக் கூட்டுவதைவிட ஒவ்வொரு வாயையும் கனமாக்குங்கள்: எண்ணெயும் கொழுப்பும் சேருங்கள், அதற்கேற்ற மாத்திரையும் சேருங்கள். சாப்பாடு போதும், எண்ணெய் மலமும் இல்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் அடுத்து ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சத்து அந்த வழியாகப் போகிறது.

அதுவும் இல்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நோய் திரும்பியிருக்கிறதா என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டுவிடுங்கள்.

எடை நிலையாக இருந்தாலும் வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்போடுதான் உடலில் சேரும் என்பதை மறக்காதீர்கள். மாலைக்கண், எளிதில் கன்றிப்போகும் தோல், எலும்பு வலி என்று அவை குறைவதைக் காட்டும். இவற்றோடு பி12, இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் ஆகியவற்றையும் ஆண்டுக்கொரு முறையாவது ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்; எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது என்றும் கேளுங்கள்.

## சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்குகிறது

இன்சுலினை மாற்றும் முன் நொதி மாத்திரையைப் பாருங்கள். மாத்திரை மறந்த வேளையில் உணவு சரியாகச் செரிக்காது, போட்ட இன்சுலின் மட்டும் வேலை செய்யும், சர்க்கரை தரைதட்டும். மாறாக, மாத்திரையைப் புதிதாகத் தொடங்கிய வாரத்தில் உணவு உடலில் சேர்வதால் சர்க்கரை ஏறும். அதற்குப் பயந்து மாத்திரையை விடாதீர்கள். இன்சுலினைத் திருத்தச் சொல்லுங்கள்.

முழுக் கணையமும் போனவர்களுக்குச் சர்க்கரையை மேலே தூக்கும் குளுக்ககானும் கணையத்தோடு போய்விட்டது. இறக்கம் செங்குத்தாக இருக்கும். தலையணைக்கு அருகே குளுக்கோஸ் இருக்கட்டும், கூடப் படுப்பவருக்கு அது எங்கே என்று தெரிந்திருக்கட்டும். வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளில் நீண்டநேர இன்சுலினை நீங்களாக அடியோடு நிறுத்தாமல், எவ்வளவு போடுவது என்று அழைத்துக் கேளுங்கள்.

## வயிற்றில் குழாயோடு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்

தினமும் ஒரே நேரத்தில் அளவும் நிறமும் எழுதுங்கள்.

தெளிந்த நீர் அல்லது சாம்பல் கலந்த நீர், மெல்லக் குறைகிறது: கணையச் சாறு கசிந்துகொண்டிருக்கலாம், அதற்காகத்தான் குழாய். குழாயைச் சுற்றித் தோல் வெந்தால் செவிலியிடம் காட்டுங்கள். கொழுப்பு சாப்பிடத் தொடங்கியபின் பால் போல வெளுத்தது: நிணநீர்க் கசிவாக இருக்கலாம்; உணவில் கொழுப்பின் வகையை மாற்ற வேண்டியிருக்கும், அன்றைக்கே சொல்லுங்கள். பச்சையும் மஞ்சளுமாக மாறியது: பித்தநீர், உடனே அழையுங்கள். கலங்கி நாறுகிறது, அல்லது திடீரென்று ஒன்றுமே வரவில்லை, கூடவே காய்ச்சல்: மருத்துவமனைக்கு வாருங்கள். சிவப்பு: மேலே சொல்லிவிட்டேன்.

## மாதங்கள் கழித்துக் குளிர்நடுக்கக் காய்ச்சல், வந்து வந்து போகிறது

பாரசிட்டமால் போட்டதும் அடங்கிவிடுவதால் பலர் இதை வைரஸ் காய்ச்சல் என்று கடத்துகிறார்கள். பித்தக்குழாயைக் குடலோடு இணைத்த இடம் சுருங்கினால் பித்தநீர் தேங்கி, குடல் கிருமிகள் மேலேறித் தொற்றும். நடுக்கம், மேல்வயிற்று வலி, மஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்றில்லை. நடுக்கம் மட்டும் வந்தாலே ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் வேண்டும். அவசரப் பிரிவில் உங்களைப் புதிதாகப் பார்ப்பவரிடம் "எனக்குப் பித்தக்குழாயைக் குடலோடு இணைத்திருக்கிறார்கள்" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள்.

## தொலைபேசியை எடுக்கும்போது

எதிர்முனையில் இரவுப் பணியில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. அறுவையின் பெயர், நடந்த தேதி, மண்ணீரல் இருக்கிறதா இல்லையா, இப்போதைய காய்ச்சல் எண், கடைசியாக வயிற்றில் தங்கிய உணவு எப்போது, நொதி மாத்திரை ஒரு வேளைக்கு எத்தனை யூனிட், நீரிழிவு இருந்தால் கடைசிச் சர்க்கரை அளவு: இவற்றை ஒரு தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் சீட்டோடு ஊசி குத்தி வையுங்கள். அழைப்பவர் நோயாளியாக இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் கை நடுங்கும் மகளாகவோ கணவராகவோ இருந்தாலும், அந்தத் தாளைப் பார்த்துப் படித்தால் போதும்.